கடன் ஆலோசகரிடம் போகலாமா? உங்கள் கணக்கை வைத்தே முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாதம் பிறந்தால் நாலைந்து இடத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள். இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பெர்சனல் லோன், செல்போன் செயலியில் அவசரத்துக்கு எடுத்த ஒரு சின்னக் கடன், தெரிந்தவரிடம் வாங்கிய கைமாற்று. ஒன்றைக் கட்ட இன்னொன்றிலிருந்து எடுக்கிறீர்கள், வருடக்கணக்கில் கட்டியும் பாக்கி குறைந்தபாடில்லை. இந்த நிலைக்கு வந்த பிறகுதான் பலர் கடன் ஆலோசனை, அதாவது கிரெடிட் கவுன்சலிங் என்ற வார்த்தையையே முதன்முதலில் கேள்விப்படுகிறார்கள். கேட்டவுடன் வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். இது நிஜமாகவே உதவுமா, இல்லை கடனில் இருப்பவரிடம் இன்னும் கொஞ்சம் பிடுங்குகிற வேலையா? கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண், போய்விடுமா? நானே சமாளித்துக்கொள்ளக் கூடாதா?

இந்தச் சந்தேகங்கள் எல்லாமே நியாயமானவை. ஆனால் இவற்றுக்கு யாரோ ஒருவருடைய அனுபவத்தை வைத்துப் பதில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் அவருடைய சம்பளமும் கடனும் வேறு, உங்களுடையது வேறு. ஒரு தாளும் பேனாவும் இரண்டு மணி நேரமும் இருந்தால் உங்களுக்கான பதிலை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இதில் இருப்பது இரண்டு முடிவுகள்

கடன் ஆலோசனை என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகருடன் உட்கார்ந்து உங்கள் வரவு, செலவு, கடன் எல்லாவற்றையும் எடுத்துவைத்துப் பேசுவது. பெரும்பாலும் ஒரு மணி நேரம் ஆகும். லாப நோக்கமில்லாத நிறுவனங்கள் பலவற்றில் இதற்குக் கட்டணமே கிடையாது. நேரிலும் பேசலாம், போனிலும் பேசலாம். இந்தப் பேச்சால் உங்கள் ஸ்கோர் குறையாது.

இரண்டாவது, கடன் நிர்வாகத் திட்டம். ஆலோசனை நிறுவனம் உங்கள் சார்பில் கடன் கொடுத்தவர்களிடம் பேசி வட்டியைக் குறைக்கச் சொல்லும், தாமதக் கட்டணங்களை நிறுத்தச் சொல்லும், பிறகு நீங்கள் மாதம் ஒரே ஒரு தொகையை நிறுவனத்திடம் கட்டுவீர்கள், அவர்கள் அதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் 3 முதல் 5 வருடம் வரை இது ஓடும், சில நாடுகளில் இன்னும் நீளும். அசல் குறையாது, முழு அசலையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். குறைவது வட்டி மட்டும்தான். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் சேர்ந்துவிட்டு, பாதிக் கடன் தள்ளுபடியாகும் என்று நினைத்தேனே என்று பின்னால் வருத்தப்படுபவர்கள் உண்டு.

முதலாவதை, அதாவது பேசுவதை, கடனால் தூக்கம் கெட்டுப்போன கிட்டத்தட்ட எல்லோருக்கும் நான் சொல்வேன். இரண்டாவதை அப்படிச் சொல்ல மாட்டேன், அது ஒரு குறிப்பிட்ட நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அந்த நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்ப்பதுதான் அடுத்த மூன்று படிகளின் வேலை.

படி 1: எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கேட்கச் சுலபமாக இருக்கும், ஆனால் இந்த முழு வேலையிலும் மனதுக்குக் கஷ்டமான படி இதுதான். நான் முதன்முறை எழுதியபோது நினைவிலிருந்தே எழுதிவிட்டேன். பிறகு ஸ்டேட்மெண்ட்டுகளை எடுத்துச் சரிபார்த்தால் இரண்டு கடன்களை மறந்தே போயிருந்தேன், மூன்றாவது ஒன்றில் பாக்கி நான் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. பயத்தில் பல மாதமாகக் கடிதங்களைப் பிரிக்காமலே வைத்திருந்ததுதான் காரணம். நீங்களும் அப்படி வைத்திருந்தால் இன்றைக்கு எல்லாவற்றையும் பிரியுங்கள். கூட ஒருவர் உட்கார்ந்தால் நல்லது, கணவனோ மனைவியோ உடன்பிறந்தவரோ யாராவது.

ஒவ்வொரு கடனுக்கும் எதிரே எழுத வேண்டியவை: யாருக்குத் தர வேண்டும், இன்றைய பாக்கி எவ்வளவு, வருட வட்டி எத்தனை சதவீதம், மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம் தவறியிருக்கிறது, அடமானம் ஏதும் உண்டா, ஜாமீன் கையெழுத்து யாராவது போட்டிருக்கிறார்களா. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுவார்கள், ஆனால் முடிவையே மாற்றக்கூடியவை அவைதான். வீட்டுக்கடன், வாகனக் கடன் போல அடமானம் உள்ளவை திட்டத்துக்குள் பொதுவாக வராது, ஏனென்றால் கட்டாவிட்டால் பொருளை எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது, வட்டியைக் குறைக்க அவர்களுக்கு அவசரம் இல்லை. வரி பாக்கியும் பெரும்பாலும் வராது. வருவது கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன் மாதிரியான அடமானமில்லாத கடன்கள்தான்.

ஜாமீன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் திட்டத்தில் சேர்ந்து வட்டி குறைந்தாலும், ஜாமீன் போட்டவரிடமோ கூட்டாகக் கடன் வாங்கியவரிடமோ கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இருந்துகொண்டேதான் இருக்கும். உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட அண்ணனுக்குத் திடீரென்று ஒரு நாள் போன் போகக் கூடாது. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 2: மாதம் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது?

கைக்கு வரும் வருமானத்திலிருந்து வாழ்க்கைச் செலவைக் கழியுங்கள். கடன் தவணைகளை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம், ஆனால் அடமானக் கடன்களின் தவணையைச் செலவுப் பக்கத்திலேயே வையுங்கள். மிஞ்சுவதுதான் அடமானமில்லாத கடனுக்கு நீங்கள் மாதாமாதம் தரக்கூடிய தொகை.

இங்கேதான் எல்லோரும் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள், அதுவும் நல்ல எண்ணத்தோடு. 'இனிமேல் வெளியே சாப்பிட மாட்டேன், துணி எடுக்க மாட்டேன், எதற்கும் செலவழிக்க மாட்டேன்' என்று சபதம் போட்டு ஒரு கணக்கு எழுதுவார்கள். அந்தக் கணக்கு இரண்டு மாதம் தாங்கும். மூன்றாவது மாதம் பல்வலி வரும், நாலாவது மாதம் வண்டி நிற்கும், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை வரும் இன்சூரன்ஸ் பிரீமியம், பிள்ளைகளின் கட்டணம், வீட்டு விசேஷம். கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மெண்ட்டை எடுத்து, எப்போதாவது வரும் இந்தச் செலவுகளையெல்லாம் கூட்டி 12-ஆல் வகுத்து, அதையும் மாதச் செலவில் சேருங்கள். மிஞ்சுவது குறைவாகத்தான் தெரியும், பரவாயில்லை. குறைவான உண்மைத் தொகையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

படி 3: மூன்று எண்களை ஒப்பிடுங்கள்

இப்போது உங்கள் கையில் அடமானமில்லாத மொத்தக் கடனும் மாத மிச்சமும் இருக்கின்றன. ஓர் உதாரணத்தை வைத்தே போவோம். மொத்தக் கடன் 6 லட்சம், வட்டி வருடத்துக்கு 36 சதவீதம், அதாவது மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் எண், மாத வட்டி. 6 லட்சத்துக்கு மாதம் 18,000. உங்கள் மிச்சம் இதைவிடக் குறைவு என்றால் நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் கடன் வளரத்தான் செய்யும். இது உங்கள் ஒழுக்கக் குறைவால் நடப்பதில்லை, வட்டி குட்டி போடும் கணக்கே அப்படித்தான்.

இரண்டாவது எண், கடனை 60-ஆல் வகுத்தால் வருவது. இங்கே 10,000. வட்டியே இல்லாமல் 5 வருடத்தில் அசலை மட்டும் அடைக்கத் தேவையான மாதத் தொகை இது. உங்கள் மிச்சம் இதற்கும் கீழே என்றால் வட்டியைப் பூஜ்யமாக்கினாலும் 5 வருடத்தில் முடியாது.

மூன்றாவது எண், வட்டி குறைந்தால் கட்ட வேண்டிய தவணை. உதாரணத்துக்கு வட்டி 8 சதவீதமாகக் குறைகிறது என்று வையுங்கள். 60 மாதத்தில் முடிக்க மாதம் சுமார் 12,170 போதும். அதே 6 லட்சத்தை 36 சதவீதத்திலேயே 60 மாதத்தில் முடிக்க வேண்டுமென்றால் மாதம் சுமார் 21,700 வேண்டும். உங்கள் கடனுக்கு எத்தனை சதவீதம் வரை குறைப்பார்கள் என்பது கடன் கொடுத்தவர்களின் கையில்தான் இருக்கிறது, ஆலோசகர் கேட்டுச் சொல்வார், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க ஓர் எண் வேண்டுமே என்பதற்காக 8 என்று எடுத்திருக்கிறேன். இணையத்தில் தவணைக் கால்குலேட்டர்கள் நிறைய இருக்கின்றன, உங்கள் எண்களைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

இனி மூன்று பேரை எடுத்துக்கொள்வோம், மூவருக்கும் இதே 6 லட்சம் கடன்.

மாதம் 35,000 மிச்சமுள்ளவர் வட்டி குறையாமலேயே, புதுக்கடன் வாங்காமல் இருந்தால், சுமார் இரண்டு வருடத்தில் தானாகவே முடித்துவிடுவார். அவருக்குத் திட்டம் தேவையில்லை. அதிக வட்டியுள்ள கடனுக்கு முழு மிச்சத்தையும் போட்டு, மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் போதும். கடன் கொடுத்தவர்களுக்கு நேரடியாகப் போன் போட்டு வட்டியைக் குறைக்க முடியுமா என்று கேட்பதையும் அவரே செய்யலாம்.

மாதம் 14,000 மிச்சமுள்ளவரைப் பாருங்கள். இன்றைய வட்டிக்கு அவர் கட்டுவது வட்டிக்கே போதாது, 4,000 குறைகிறது, ஆகவே மாதாமாதம் கடன் ஏறுகிறது. அதே ஆள், அதே சம்பளம், வட்டி 8 சதவீதமானால் அதே 14,000-ஐக் கட்டி நாலே கால் வருடத்தில் வெளியே வந்துவிடுகிறார். கடன் நிர்வாகத் திட்டம் என்ற ஒன்று உருவானதே இவரைப் போன்றவர்களுக்காகத்தான். உங்கள் மிச்சம் இரண்டாவது, மூன்றாவது எண்களுக்கு மேலேயும், இப்போதைய வட்டியில் 5 வருடத்தில் முடிக்கத் தேவையான தவணைக்குக் கீழேயும் நின்றால் நீங்களும் இந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

மாதம் 6,000 மட்டுமே மிச்சமுள்ளவருக்கு இந்தத் திட்டம் உதவாது. யாராவது அவரைச் சேர்த்துவிட்டால் அவர் ஒரு வருடம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டுவார், பிறகு உடைந்துபோவார். அவர் விசாரிக்க வேண்டியது அவருடைய நாட்டின் திவால் சட்டத்தையும், அசலையே குறைக்க வழிசெய்யும் சட்டபூர்வமான ஏற்பாடுகளையும்தான். திவால் என்ற சொல்லே பலருக்கு அவமானமாகப் படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, முடியாத கடனிலிருந்து மனிதர்கள் மீண்டு எழ வேண்டும் என்பதற்காகவே சட்டம் திறந்துவைத்த கதவு அது. ஆனாலும் அதன் விளைவுகள் நீண்டவை, வழக்கறிஞரையோ உரிமம் பெற்ற நிபுணரையோ கேட்காமல் இறங்கக் கூடாது.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் ஒரு கணக்கைப் பாருங்கள். கார்டில் 1 லட்சம் பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி, பாக்கியில் 5 சதவீதம் குறைந்தபட்சத் தொகை. ஒரு மாதம்கூடத் தவறாமல், புதிதாக எதுவும் வாங்காமல் ஒரு வருடம் கட்டினால் நீங்கள் கட்டியது சுமார் 55,000. பாக்கி நிற்பது சுமார் 77,000. 'ஒழுங்காகத்தானே கட்டுகிறேன், ஏன் குறையவில்லை' என்று குழம்பியவர்களுக்கு இதுதான் பதில்.

படி 4: இவை இருந்தால் வரிசை மாறும்

நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருந்தால் முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும், அதற்கென்று ஒரு கெடு இருக்கும், அதைத் தவறவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடலாம். இதற்கு வழக்கறிஞரோ இலவச சட்ட உதவி மையமோ வேண்டும். கடன் ஆலோசனை அதற்குப் பின்னால்தான்.

வீடு ஏலத்துக்குப் போகும் நிலை என்றால் வீட்டுக்கடன் கொடுத்தவரிடம் உடனே பேசுங்கள். கிரெடிட் கார்டு கடன்காரர் எவ்வளவு சத்தம் போட்டாலும் சரி, அவருக்கு முதலில் கட்டிவிட்டு வீட்டுத் தவணையை விடுவது தவறான வரிசை. அதிகம் கத்துபவருக்கு முதலில் பணம் போவது மனித இயல்புதான், ஆனால் எதை இழந்தால் குடும்பம் தெருவுக்கு வரும் என்பதை வைத்துத்தான் வரிசை போட வேண்டும்.

பல வருடங்களுக்கு முந்தைய பழைய கடன் ஒன்றுக்கு இப்போது யாராவது கேட்டால், சட்டப்படி வழக்குப் போடும் காலக்கெடு முடிந்துவிட்டதா என்று விசாரிக்காமல் ஒரு சிறு தொகைகூடக் கட்டாதீர்கள், எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். பல நாடுகளில் கொஞ்சம் கட்டினாலோ எழுதி ஒப்புக்கொண்டாலோ அந்தக் காலக்கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

அப்புறம், கடனுக்கு வேர் சூதாட்டம், ஆன்லைன் ரம்மி மாதிரிப் பழக்கம் என்றால் அதற்கான உதவியையும் சேர்த்தே தேடுங்கள். வட்டி குறைந்தாலும் அந்த ஓட்டை திறந்தே இருக்கும். கடன் நெருக்கடியில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் கணக்கு எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு இன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எந்தக் கடனுக்கும் பேசித் தீர்க்கும் வழி உண்டு, அதற்கு நீங்கள் இருக்க வேண்டும்.

படி 5: நல்ல நிறுவனத்தைக் கண்டுபிடிப்பது

இந்த ஏற்பாடு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கடன் ஆலோசனைக்கான தேசிய அறக்கட்டளை 1951-லிருந்து இருக்கிறது, லாப நோக்கமில்லாத ஆலோசனை நிறுவனங்கள் அதில் உறுப்பினர்கள். அங்கே 2005-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, தனிநபர் திவால் மனு போடுவதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும். பிரிட்டனில் ஸ்டெப்சேஞ்ச் போன்ற தொண்டு நிறுவனங்கள் இலவசமாகச் செய்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதத்திலிருந்து கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாள் மூச்சுவிடும் அவகாசம் கிடைக்கிறது, அந்த நாட்களில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிறுத்திவைக்கப்படும். மலேசியாவில் மத்திய வங்கி 2006-ல் உருவாக்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது, சிங்கப்பூரில் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற தொண்டு அமைப்பு, ஆஸ்திரேலியாவில் தேசிய கடன் உதவித் தொலைபேசிச் சேவை. இந்தியாவில் 2009-ல் ரிசர்வ் வங்கி, நிதிக் கல்வி மற்றும் கடன் ஆலோசனை மையங்களை வங்கிகள் இலவசமாக நடத்த ஒரு மாதிரித் திட்டத்தை வெளியிட்டது. நீங்கள் எங்கே இருந்தாலும் தேடலைத் தொடங்க வேண்டிய இடம் மத்திய வங்கியின் அல்லது நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பின் இணையதளம். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்திவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடன் ஆலோசனை என்ற பெயரில் முற்றிலும் வேறொன்றை விற்பவர்கள் இருக்கிறார்கள். கடன் தீர்வு, செட்டில்மெண்ட் என்று அதற்குப் பெயர். அவர்களுடைய வழி இப்படி இருக்கும்: எல்லோருக்கும் கட்டுவதை நிறுத்துங்கள், அந்தப் பணத்தை எங்களிடம் சேர்த்துவாருங்கள், பாக்கி முற்றியதும் பாதித் தொகைக்குப் பேசி முடிக்கிறோம். கேட்க இனிக்கும். ஆனால் கட்டாத மாதங்களில் வட்டியும் அபராதமும் ஏறும், ஸ்கோர் சரியும், வசூல் ஆட்கள் வருவார்கள், வழக்கும் வரலாம், கடைசியில் கடன் கொடுத்தவர் ஒத்துக்கொள்வார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. சில நாடுகளில் தள்ளுபடியான தொகையை வருமானமாகக் கணக்கிட்டு வரியும் கேட்பார்கள். அமெரிக்காவில் இந்த வியாபாரத்தில் ஏமாற்று மிகுந்துபோனதால், போன் மூலம் விற்கும் கடன் நிவாரண நிறுவனங்கள் ஒரு கடனையாவது தீர்த்துவைக்கும் முன் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2010-ல் விதியே கொண்டுவந்தார்கள்.

ஆகவே உங்கள் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்பவர், இத்தனை சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று முதல் போனிலேயே சத்தியம் செய்பவர், வங்கியோடு பேசாதே என்பவர், தவணையை நிறுத்து என்பவர், இன்றைக்குள் கையெழுத்துப் போடச் சொல்பவர், இவர்களில் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். மரியாதைக்காகக்கூடத் தொடர்ந்து பேச வேண்டியதில்லை.

படி 6: முதல் சந்திப்பில் என்ன கேட்பது

சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மெண்ட், கடன் ஸ்டேட்மெண்ட்டுகள், வந்த கடிதங்கள், நீங்கள் எழுதிய அந்தத் தாள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். எதையும் மறைக்காதீர்கள், கைமாற்றையும் சொல்லுங்கள், வீட்டுக்குத் தெரியாமல் எடுத்த கடனையும் சொல்லுங்கள். நல்ல ஆலோசகர் உங்களைத் திட்ட மாட்டார், இதைவிடச் சிக்கலான கணக்குகளை அவர் பார்த்திருப்பார்.

நான் முக்கியமாகக் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: 'திட்டத்தில் சேராமல் எனக்கு வேறு என்னென்ன வழி இருக்கிறது?' இதற்கு அவர் பொறுமையாக மூன்று நான்கு வழிகளைச் சொல்லி ஒவ்வொன்றிலும் உங்களுக்கு என்ன நன்மை, என்ன கெடுதல் என்று விளக்கினால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் படிவத்தை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, 'உங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?' என்று தயங்காமல் கேளுங்கள். பல நாடுகளில், திட்டத்தின் மூலம் வசூலாகும் பணத்தில் ஒரு பங்கைக் கடன் கொடுத்த வங்கிகளே ஆலோசனை நிறுவனத்துக்குத் தருவது வழக்கம். அதில் தப்பில்லை, நமக்குக் கட்டணம் குறைவாக இருப்பதே அதனால்தான். ஆனால் உங்களுக்குத் திவால்தான் சரி என்றிருக்கும்போதும் திட்டத்தின் பக்கமே சாய்ந்து பேச அது ஒரு காரணமாகிவிடலாம். படி 3-ல் நீங்களே போட்ட கணக்கு கையில் இருந்தால் அந்தச் சாய்வு உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சேர்க்கைக் கட்டணம், மாதக் கட்டணம், எந்தெந்தக் கடன் உள்ளே வரும், ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் வட்டி, எத்தனை மாதம், ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும், இடையில் விலகலாமா. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசியுங்கள்.

படி 7: கையெழுத்துக்கு முன் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

திட்டத்தில் சேர்க்கும் கார்டுகளைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். திட்டம் முடியும்வரை புதுக்கடன் வாங்க மாட்டேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கார்டே இல்லாமல் நாலைந்து வருடம் வாழ முடியுமா என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், நீங்கள் மட்டும் முடிவெடுத்தால் நடக்காது. ரகசியமாக ஒரு கார்டை வெளியே வைத்துக்கொள்ளும் ஆசை வரும். வேண்டாம், அந்த ஒன்றுதான் மறுபடி குழியைத் தோண்டும்.

கிரெடிட் ஸ்கோர் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். பழைய கணக்குகளை மூடுவதாலும், குறைந்த தவணையில் கட்டுகிறீர்கள் என்ற குறிப்பு பதிவாவதாலும் சேர்ந்த புதிதில் ஸ்கோர் குறையலாம். ஆனால் ஏற்கெனவே நாலு மாதம் தவறியவருக்கு ஸ்கோர் எப்போதோ விழுந்துவிட்டது, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுவதும் பாக்கி குறைவதும்தான் அதை மேலே கொண்டுவரும். இன்னும் ஒரு தவணைகூடத் தவறாதவர், அடுத்த வருடம் வீட்டுக்கடன் வாங்கத் திட்டமிடுபவர் என்றால் இரண்டு முறை யோசிக்க வேண்டும், அவருக்கு நேரடிப் பேச்சுவார்த்தையோ குறைந்த வட்டியில் கடன்களை ஒருங்கிணைப்பதோ சரிப்படலாம். ஒருங்கிணைத்த பிறகு காலியான பழைய கார்டுகளைத் திரும்ப நிரப்பிவிட்டால் கடன் இரட்டிப்பாகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலான நாடுகளில் இந்தத் திட்டம் கடன் கொடுத்தவரின் சம்மதத்தில் ஓடுகிற ஏற்பாடுதான், அவரைச் சட்டத்தால் கட்டிப்போடாது. ஆறு பேரில் ஐந்து பேர் ஒத்துக்கொண்டு ஒருவர் மறுக்கலாம். அந்த ஒருவருக்குத் தனியாகக் கட்ட உங்கள் மிச்சத்தில் இடம் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

படி 8: சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம்

திட்டங்கள் அதிகம் சறுக்குவது ஆரம்பத்தில்தான். கடன் கொடுத்தவர் ஏற்றுக்கொண்டார் என்று உறுதியாகும்வரை பழைய தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள், நடுவில் ஒரு மாத இடைவெளி விழுந்தால் தாமதக் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும். நிறுவனம் சொல்வதை நம்புங்கள், ஆனாலும் ஒவ்வொரு கடன்காரருக்கும் நீங்களே ஒரு போன் போட்டு, திட்டத்தை ஏற்றுக்கொண்டீர்களா, புது வட்டி எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டுக் குறித்துவையுங்கள். மாதாமாதம் வரும் ஸ்டேட்மெண்ட்டில் பணம் போய்ச் சேர்ந்திருக்கிறதா, வட்டி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பணத்தை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது, அவர்கள் கட்டத் தவறினாலும் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

மிச்சம் முழுவதையும் திட்டத்துக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்பது என்னுடைய அழுத்தமான கருத்து. 14,000 மிச்சம், தவணை 12,500 என்றால் அந்த 1,500 ஒவ்வொரு மாதமும் தனிக் கணக்கில் சேரட்டும். கூடுதலாகக் கட்டினால் சில மாதம் முன்னாடியே முடிந்துவிடுமே என்று தோன்றும், தோன்றினாலும் ஒரு மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை பொறுங்கள். கைக்காசு இல்லாதவரை ஒரு ஆஸ்பத்திரிச் செலவு மறுபடி கடன் செயலியிடம் கொண்டுபோய் நிறுத்திவிடும், முழுத் திட்டமும் அங்கேயே உடையும்.

வேலை போய்விட்டாலோ சம்பளம் குறைந்தாலோ தவணைத் தேதிக்கு முன்பே ஆலோசகருக்குப் போன் போடுங்கள். முன்கூட்டியே சொன்னவருக்குத் தவணையை மாற்றியமைக்கப் பேச முடியும். ஒன்றும் சொல்லாமல் இரண்டு மாதம் விட்டுவிட்டால் கடன்காரர்கள் பழைய வட்டிக்கே திரும்பிவிடலாம், இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண்.

படி 9: கடைசித் தவணைக்குப் பிறகு

கட்டி முடித்த மகிழ்ச்சியில் இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு கடன்காரரிடமிருந்தும் பாக்கி இல்லை என்ற சான்றிதழைத் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள், ஆலோசனை நிறுவனத்தின் ஒரே கடிதம் போதாது. இரண்டு மூன்று மாதம் கழித்து உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு கணக்கும் முழுமையாகக் கட்டி மூடப்பட்டது என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். முழு அசலையும் கட்டிய ஒருவருக்கு, குறைத்துப் பேசி முடித்தார் என்கிற அர்த்தத்தில் செட்டில்டு என்று தவறாகப் பதிவாகியிருந்தால் அது அடுத்த கடன் விண்ணப்பத்தைக் கெடுக்கும். அந்தச் சான்றிதழின் நகலை வைத்து ரிப்போர்ட் தரும் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் எழுதித் திருத்தச் சொல்லுங்கள், திருத்திய ரிப்போர்ட் கைக்கு வரும்வரை அந்தக் கோப்பைப் பரண்மேல் போட்டுவிட வேண்டாம்.